தொப்புள்கொடி இரத்தத்துக்கு 6-க்கு 4 பொருத்தம் எப்படிப் போதும்?

இரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களுக்கான மாற்று சிகிச்சையில், எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் என்றால் 8-க்கு 8 அல்லது 10-க்கு 10 பொருந்த வேண்டும் என்று வற்புறுத்தும் மருத்துவர்கள், தொப்புள்கொடி இரத்தம் என்று வரும்போது 6-க்கு 4 பொருந்தினாலே ஏற்றுக்கொள்கிறார்களே, அது எப்படி என்பது கேள்வி. அப்படி ஏற்பது நோயாளிக்கு ஆபத்தாகாதா என்றும், பொருத்தம் கூடிய ஆனால் அணுக்கள் குறைந்த யூனிட்டும் (ஒரு பிரசவத்தில் சேகரித்து உறையவைத்த ஒரு பை இரத்தம்) பொருத்தம் குறைந்த ஆனால் அணுக்கள் மிகுந்த யூனிட்டும் கிடைத்தால் எதைத் தேர்வார்கள் என்றும் அதனுடன் சேர்த்துக் கேட்கப்பட்டிருக்கிறது.

முதலில் சுருக்கமான விடையைச் சொல்லிவிடுகிறேன். தொப்புள்கொடி இரத்தத்திலும் திசுப் பொருத்தம் கூடக்கூட நோயாளி பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் பிறந்த குழந்தையின் இரத்தத்தில் உள்ள நோயெதிர்ப்பு அணுக்கள் பக்குவப்படாதவை என்பதால், ஓரளவு பொருந்தாமையை அவை பொறுத்துக்கொள்கின்றன. அதோடு, ஒரு யூனிட்டில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை பொருத்தத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையதாகிவிடுகிறது. ஆகவே இங்கே பொருத்தத்தைத் தனியாக எடுத்து மதிப்பிட முடியாது. 6-க்கு 4, 6-க்கு 5 என்று நம்மிடம் சொல்லப்படும் எண்ணும் எத்தனையோ விவரங்களை மறைத்துவிடும் ஒரு பருமட்டான கணக்குதான். இதை விளக்கமாகப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த ஓர் எண்ணைக் கேட்டுவிட்டு நம்பிக்கை இழப்பவர்களும் உண்டு, தேவைக்கு மேல் நம்பிக்கை கொள்பவர்களும் உண்டு.

திசுப் பொருத்தம் என்று நாம் சொல்வது எச்.எல்.ஏ. என்னும் அடையாளப் புரதங்களின் பொருத்தத்தை. இவற்றை உருவாக்கும் மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமின் குறுங்கையில் அருகருகே அமைந்திருக்கின்றன. அணுக்களின் மேற்பரப்பில் நிற்கும் இந்தப் புரதங்களைக் கொண்டுதான் டி-அணுக்கள் எனப்படும் நம் நோயெதிர்ப்பு அணுக்கள் தன்னுடையது எது, அந்நியமானது எது என்று பிரித்தறிகின்றன. 1958-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே இவற்றில் முதலாவதைக் கண்டறிந்தார். அந்தப் பணிக்காக 1980-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மாற்று சிகிச்சையில் முதன்மையாகக் கவனிக்கப்படுபவை ஏ, பி, சி என்ற முதல் வகுப்பு மரபணுக்களும், டி.ஆர்.பி.1, டி.க்யூ.பி.1, டி.பி.பி.1 என்ற இரண்டாம் வகுப்பு மரபணுக்களும் ஆகும். ஒவ்வொன்றிலும் தாயிடமிருந்து ஒரு வடிவமும் தந்தையிடமிருந்து ஒரு வடிவமும் நமக்கு வருவதால், ஏ, பி, சி, டி.ஆர்.பி.1 ஆகிய நான்கையும் பார்த்தால் 8 இடங்கள், டி.க்யூ.பி.1-ஐயும் சேர்த்தால் 10 இடங்கள் என்று கணக்கு வருகிறது. 10-க்கு 10 என்று சொல்வது இதைத்தான்.

இந்த மரபணுக்கள் நெருங்கி அமைந்திருப்பதால் பெரும்பாலும் ஒரே தொகுதியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. ஆகவே ஒரே பெற்றோருக்குப் பிறந்த இருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று, பாதி பொருந்தும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, இரண்டு தொகுதிகளுமே வேறுபடும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு உடன்பிறப்புகள் இருந்தால் அவர்களில் ஒருவராவது முழுமையாகப் பொருந்துவதற்கு ஏறத்தாழ 44 சதவீத வாய்ப்பு உண்டு. தாயும் தந்தையும் பொதுவாகப் பாதி மட்டுமே பொருந்துவார்கள். குடும்பத்துக்கு வெளியே தேடத் தொடங்கும்போதுதான் உண்மையான சிக்கல் எழுகிறது, ஏனென்றால் இந்த மரபணுக்களுக்கு இதுவரை பெயரிடப்பட்ட வடிவங்களே 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை.

பொருந்தாத நிலையில் இரண்டு திசைகளில் தீங்கு நேரலாம். நோயாளியின் உடலில் எஞ்சியிருக்கும் நோயெதிர்ப்பு அணுக்கள் வந்த குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, அழித்துவிட்டால் ஒட்டு பிடிக்காமல் போகும். மாறாக, கொடையாளரின் டி-அணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றை அந்நியமாகக் கருதித் தாக்கினால் ஜி.வி.எச்.டி. என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் நோய் உண்டாகும். வயதுவந்த கொடையாளரின் மஜ்ஜையில் உள்ள டி-அணுக்கள் பல ஆண்டுகளாகக் கிருமிகளை எதிர்கொண்டு பழகியவை, நினைவுத்திறன் பெற்றவை. ஓர் இடத்தில் பொருந்தாமல் போனாலே கடுமையாகத் தாக்கக்கூடியவை. மஜ்ஜைக்கு இவ்வளவு கண்டிப்பான பொருத்தம் கேட்பதற்கு இதுவே காரணம்.

தொப்புள்கொடி இரத்தத்தில் நிலைமை வேறு. அதில் உள்ள டி-அணுக்களில் மிகப் பெரும்பான்மை, எந்த அந்நியப் பொருளையும் இன்னும் சந்திக்காத இளம் அணுக்கள். தாயின் கருப்பையில், பாதி அந்நியமான ஓர் உடலுக்குள் ஒன்பது மாதங்கள் வளர வேண்டியிருப்பதால், சிசுவின் நோயெதிர்ப்பு அமைப்பு பொறுத்துக்கொள்ளும் பக்கமே சாய்ந்திருக்கிறது. மொத்த டி-அணுக்களின் எண்ணிக்கையும் ஒரு மஜ்ஜைக் கொடையில் உள்ளதைவிட மிகவும் குறைவு. இதனால், இரண்டு இடங்களில் பொருந்தாத தொப்புள்கொடி இரத்தத்தைச் செலுத்தியபோதும், குறிப்பாக நாள்பட்ட ஜி.வி.எச்.டி., எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே காணப்பட்டது.

இந்தச் சிகிச்சை பொருந்தாத இரத்தத்தோடு தொடங்கவில்லை. 1988 அக்டோபரில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் தலைமையில் நடந்த முதல் தொப்புள்கொடி இரத்த மாற்றத்தில், ஃபான்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை மஜ்ஜை நோயால் பாதிக்கப்பட்ட 5 வயதுச் சிறுவனுக்கு, அவனுடன் முழுமையாகப் பொருந்திய தங்கையின் தொப்புள்கொடி இரத்தம் செலுத்தப்பட்டது. அந்த இரத்தத்தை ஆராய்ந்து உறையவைத்தது அமெரிக்காவில் ஹால் பிராக்ஸ்மையரின் ஆய்வகம். ஒட்டு பிடித்தது, சிறுவன் நலம் பெற்றான். பிறகு பாப்லோ ரூபின்ஸ்டைனின் முயற்சியால் நியூயார்க் இரத்த மையத்தில் பொதுத் தொப்புள்கொடி இரத்த வங்கி தொடங்கப்பட்டது. 1993-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோவான் குர்ட்ஸ்பர்க் உறவல்லாத கொடையிலிருந்து முதல் மாற்றத்தைச் செய்தார். வங்கிகளில் அப்போது இருந்த யூனிட்டுகள் சில ஆயிரங்களே என்பதால், முழுப் பொருத்தம் கிடைப்பது அரிதாக இருந்தது. உயிருக்குப் போராடும் குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு இடங்கள் பொருந்தாத இரத்தத்தைச் செலுத்திப் பார்க்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அந்தக் கட்டாயத்திலிருந்து கிடைத்த அனுபவமே பின்னர் விதியாக மாறியது.

இந்த 6 என்ற கணக்கின் உள்விவரத்தைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். இதில் பார்க்கப்படுபவை ஏ, பி, டி.ஆர்.பி.1 ஆகிய மூன்று மரபணுக்கள் மட்டுமே. அவற்றிலும் ஏ, பி இரண்டும் ஆன்டிஜன் அளவில், அதாவது குடும்பப் பெயர் அளவில் மட்டும் ஒப்பிடப்படுகின்றன, டி.ஆர்.பி.1 மட்டும் துல்லியமான வடிவ அளவில் ஒப்பிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஏ 02:01, ஏ 02:06, ஏ 02:07 என்ற மூன்றும் தனித்தனிப் புரதங்கள் என்றாலும், மூன்றுமே ஏ2 என்ற ஒரே ஆன்டிஜன் பெயருக்குள் அடங்குபவை. நோயாளியிடம் ஏ 02:01 இருந்து, யூனிட்டில் ஏ 02:06 இருந்தால் பழைய கணக்கில் அது பொருத்தம். துல்லியமான கணக்கில் அது பொருந்தாமை. சி மரபணு அந்த ஆறுக்குள் வரவே இல்லை. ஆகவே 6-க்கு 6 என்று எழுதப்பட்ட ஒரு யூனிட், 8 இடங்களையும் துல்லியமாகப் பரிசோதித்தால் 8-க்கு 8 ஆகவும் இருக்கலாம், 8-க்கு 5 ஆகவும் இருக்கலாம். இந்தக் காரணத்தால், 10-க்கு 10 பொருந்தும் மஜ்ஜையையும் 6-க்கு 6 பொருந்தும் தொப்புள்கொடி இரத்தத்தையும் ஒரே தரத்தில் வைத்துப் பேசுவது தவறாகவே முடியும்.

இந்த மறைவான வேறுபாடுகள் நோயாளியைப் பாதிக்கின்றனவா என்று மேரி ஈப்பன் தலைமையிலான ஆய்வுக் குழு பன்னாட்டுப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தது. 2011-இல் வெளிவந்த ஆய்வில், ஏ, பி, டி.ஆர்.பி.1 ஆகிய மூன்றும் பொருந்தி சி மட்டும் பொருந்தாத யூனிட்டைப் பெற்றவர்களிடையே, சி-யும் பொருந்தியவர்களைவிடச் சிகிச்சை சார்ந்த இறப்பு அதிகமாக இருந்தது தெரியவந்தது. 2014-இல் வெளிவந்த அடுத்த ஆய்வு, இரத்தப் புற்றுநோய்களுக்காக ஒற்றை யூனிட் பெற்ற 1,568 பேரின் விவரங்களை நான்கு மரபணுக்களின் துல்லியமான அளவில் மீளாய்வு செய்தது. அவர்களில் 7 சதவீதத்தினருக்கு மட்டுமே 8-க்கு 8 பொருந்திய யூனிட் கிடைத்திருந்தது. பொருந்தாத இடங்கள் கூடக்கூட நோய் திரும்புவதால் அல்லாத இறப்பு உயர்ந்தது. தொப்புள்கொடி இரத்தத்துக்குப் பொருத்தம் முக்கியமல்ல என்ற பேச்சுக்கு இவை போதுமான மறுப்பு. அதே வேளையில், அந்த 1,568 பேரில் பெரும்பாலோர் பல இடங்கள் பொருந்தாத யூனிட்டையே பெற்றார்கள் என்பதையும், அவர்களில் கணிசமானோர் உயிர் பிழைத்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட சான்றுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் என்.எம்.டி.பி. என்ற மஜ்ஜைக் கொடையாளர் பதிவகம் சார்ந்த 2019-ஆம் ஆண்டுப் பரிந்துரைகள், பழைய கணக்கில் 6-க்கு 4 என்பதோடு, துல்லியமான கணக்கில் 8-க்கு 4-ஆவது பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டன. உங்களிடம் 6-க்கு இத்தனை என்று மட்டும் சொல்லப்பட்டால், 8-க்கு எத்தனை என்று கேட்பது முழு நியாயமான கேள்வி.

அடுத்தது அணுக்களின் எண்ணிக்கை. ஒரு பிரசவத்தில் சேகரிக்கக்கூடிய தொப்புள்கொடி இரத்தம் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் அளவே இருக்கும். அதில் கிடைக்கும் அணுக்கள், ஒரு வயதுவந்தவரின் மஜ்ஜைக் கொடையில் உள்ளவற்றில் பத்தில் ஒரு பங்கு அளவே. நோயாளியின் எடையில் கிலோவுக்கு இத்தனை கோடி உட்கரு அணுக்கள் (உட்கரு உள்ள அணுக்கள்) என்ற கணக்கில்தான் இதை அளப்பார்கள். ஒரு பையில் 100 கோடி அணுக்கள் உறைந்திருப்பதாக வைத்துக்கொண்டால், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது கிலோவுக்கு 5 கோடி. 70 கிலோ எடையுள்ளவருக்கு அதே பை கிலோவுக்கு 1.4 கோடி மட்டுமே. ஒற்றை யூனிட்டுக்குப் பொதுவாக ஏற்கப்படும் குறைந்தபட்சம், உறையவைப்பதற்கு முன் அளந்தபடி, கிலோவுக்கு 2.5 கோடி உட்கரு அணுக்கள். அவற்றுள் உண்மையான குருத்தணுக்களைக் குறிக்கும் சி.டி. 34 அணுக்கள் கிலோவுக்கு 1.5 லட்சம். உருக்கும்போது ஒரு பகுதி அழிந்துவிடும் என்பதும் இந்த வரம்புகளில் கணக்கிடப்பட்டிருக்கிறது.

அணுக்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை வெறும் எண்ணாகப் பார்க்கக் கூடாது. மஜ்ஜை பெற்றவர்களுக்கு இரண்டு முதல் மூன்று வாரங்களில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில் அணுக்கள் மீண்டுவிடும். தொப்புள்கொடி இரத்தம் பெற்றவர்களுக்கு மூன்று முதல் நான்கு வாரங்கள், சில நேரங்களில் அதற்கும் மேல் ஆகும். தட்டணுக்கள் திரும்ப இன்னும் அதிக காலம் பிடிக்கும். அந்த வாரங்கள் முழுவதும் நோயாளி எந்தப் பாதுகாப்பும் இன்றித் தொற்றுகளின் முன் நிற்கிறார். பழகாத டி-அணுக்கள் ஜி.வி.எச்.டி.-யைக் குறைத்துத் தருவது நன்மை என்றால், அதே பழகாமை வைரஸ் தொற்றுகளை எதிர்க்க இயலாத நிலையையும் தருகிறது. இந்தச் சிகிச்சையில் நேரும் தொடக்ககால இறப்புகளில் பெரும் பங்கு தொற்றுகளால்தான் நேர்கிறது. அணுக்கள் போதிய அளவில் இருப்பது அந்தக் காலத்தைச் சுருக்குகிறது. பொருந்தாமையால் ஒட்டு பிடிக்காமல் போகும் அபாயத்தையும் ஓரளவு ஈடுசெய்கிறது.

எவ்வளவு ஈடுசெய்கிறது என்பதற்கு ஜூலியட் பார்க்கர் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல வழிகாட்டி. லுக்கேமியா போன்ற நோய்களுக்காக ஒற்றை யூனிட் பெற்ற 1,061 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். 6-க்கு 6 பொருந்தியவர்களுக்கு, அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும், சிகிச்சை சார்ந்த இறப்பு மிகக் குறைவாக இருந்தது. அடுத்த நிலையில், கிலோவுக்கு 2.5 கோடிக்கு மேல் அணுக்களோடு 6-க்கு 5 பொருந்தியவர்களும், 5 கோடிக்கு மேல் அணுக்களோடு 6-க்கு 4 பொருந்தியவர்களும் ஏறத்தாழச் சமமாக வந்தார்கள். பொருத்தமும் குறைந்து அணுக்களும் 2.5 கோடிக்குக் கீழ் இருந்தவர்களின் நிலை மோசமாக இருந்தது. எனவே இரண்டு யூனிட்டுகளில் எது என்ற கேள்விக்கு என் மதிப்பீடு இது: இரண்டுமே குறைந்தபட்ச அணு எண்ணிக்கையைத் தாண்டிவிட்டால், கூடுதல் பொருத்தம் உள்ளதே மேல், அந்த வரம்பைத் தாண்டிய பிறகும் அணுக்களின் எண்ணிக்கையையே துரத்திக்கொண்டு பொருத்தத்தை விட்டுக்கொடுப்பதில் நியாயம் குறைவு. ஆனால் கூடுதலாகப் பொருந்தும் யூனிட் அந்த வரம்புக்குக் கீழே இருந்து, 6-க்கு 4 பொருந்தும் மற்றது கிலோவுக்கு 5 கோடியைத் தாண்டுமானால், பின்னதைத் தேர்வதை அவசரமாகவோ அலட்சியமாகவோ எடுத்த முடிவு என்று நினைக்க வேண்டாம். எடை குறைந்த குழந்தைகளுக்குத் தேர்வு விரிவாகவும், எடை மிகுந்தவர்களுக்கு நெருக்கடியாகவும் அமைவது இதனால்தான்.

எடை மிகுந்தவர்களுக்காகவே மினசோட்டாவில் இரண்டு யூனிட்டுகளைச் சேர்த்துச் செலுத்தும் முறை உருவானது. அதில் ஒவ்வொரு யூனிட்டும் நோயாளியுடன் பொருந்த வேண்டும். இறுதியில் பெரும்பாலும் ஒரு யூனிட்டின் அணுக்களே நிலைத்து மற்றது மறைந்துவிடுகிறது. இதனால் கூடுதல் நன்மை உண்டா என்று 1 முதல் 21 வயது வரையிலான 224 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட ஒப்பீட்டில், ஓராண்டுக்குப் பின் உயிர்வாழ்ந்தோர் ஒற்றை யூனிட் குழுவில் 73 சதவீதம், இரட்டை யூனிட் குழுவில் 65 சதவீதம். போதிய அணுக்கள் உள்ள ஒரு யூனிட் கிடைத்தால் இரண்டாவது தேவையில்லை என்பதே அதன் பொருள்.

பொருத்தம் பற்றிய பேச்சில் பெரிதும் விடுபட்டுப்போவது எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, பரிசோதனை. என்னைக் கேட்டால், பெற்றோரும் நோயாளியும் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவே. பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடலிலும், பலமுறை கருவுற்ற பெண்களின் உடலிலும் பிறருடைய எச்.எல்.ஏ. புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏற்கெனவே உருவாகியிருக்கலாம். தேர்வு செய்த யூனிட்டில் பொருந்தாமல் நிற்கும் அந்த ஒன்றிரண்டு புரதங்களுக்கு எதிராகவே அவை அமைந்துவிட்டால், ஒட்டு பிடிக்காமல் போகும் அபாயம் பெரிதும் கூடுகிறது. மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும்போது இந்தப் பிரச்சினை பெரிதாக எழுவதில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் பொருந்தாமை கிட்டத்தட்ட எப்போதும் இருப்பதால், எந்த இடத்தில் பொருந்தவில்லை என்பது எத்தனை இடங்களில் பொருந்தவில்லை என்பதற்குச் சமமான கேள்வியாகிறது. நோயாளியின் சீரத்தைப் பரிசோதித்து, அத்தகைய யூனிட்டைத் தவிர்ப்பதே முதல் வழி. வேறு யூனிட் இல்லாதபோது மட்டும் பிளாஸ்மா மாற்றம் போன்ற முறைகளால் ஆன்டிபாடிகளைக் குறைக்க முயல்வார்கள். 6-க்கு 5 பொருந்தும் யூனிட்டை ஒதுக்கிவிட்டு 6-க்கு 4 பொருந்துவதை மருத்துவர் தேர்ந்தெடுத்திருந்தால், அதற்கு இது ஒரு நல்ல காரணமாக இருக்கக்கூடும்.

எந்த இடத்தில் பொருந்தவில்லை என்பதிலேயே இன்னொரு நுட்பமும் இருக்கிறது. குழந்தைக்குத் தாயின் இரண்டு தொகுதிகளில் ஒன்றுதான் வருகிறது. வராத மற்றொரு தொகுதியின் புரதங்களையும் கருப்பையில் சிசு சந்தித்து, அவற்றைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. ஆகவே நோயாளியிடம் உள்ள, யூனிட்டில் இல்லாத ஒரு புரதம், அந்த யூனிட்டைத் தந்த குழந்தையின் தாயிடம் இருக்குமானால், அந்தப் பொருந்தாமை ஓரளவு மென்மையானதாகிவிடும். எச்.எல்.ஏ. ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான யான் வான் ரூட், 2009-இல் நியூயார்க் வங்கியின் 1,121 நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு, இப்படிப்பட்ட பொருத்தம் பெற்றவர்களுக்குச் சிகிச்சை சார்ந்த இறப்பு குறைந்ததைக் காட்டினார். இதைப் பயன்படுத்த வேண்டுமானால் யூனிட்டோடு தாயின் எச்.எல்.ஏ. வகையும் பதிவாகியிருக்க வேண்டும். ஒரே தரத்தில் இரண்டு யூனிட்டுகள் இருக்கும்போது ஒன்றை முன்னிறுத்த இது உதவும். அணு எண்ணிக்கையையோ ஆன்டிபாடிகளையோ பின்னுக்குத் தள்ளும் அளவுக்கு இதற்கு எடை தரப்படுவதில்லை.

நோயைப் பொறுத்தும் பொருத்தத்தின் தேவை மாறுகிறது. லுக்கேமியாவில், வந்த அணுக்கள் எஞ்சிய புற்றணுக்களைத் தாக்கி அழிக்க வேண்டும் என்பதால், சிறிதளவு வேறுபாடு பயன் தரவும் கூடும். சியாட்டிலில் ஃபிலிப்போ மிலானோ குழுவினர் 582 நோயாளிகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவுகளில், சிகிச்சைக்கு முன் நோயின் மிகச்சிறு எச்சம் இருந்தவர்களிடையே, தொப்புள்கொடி இரத்தம் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது, உறவல்லாத கொடையாளர்களின் அணுக்களைப் பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பரம்பரை இரத்தசோகையான தலசீமியா போன்ற புற்றல்லாத நோய்களில் இப்படிப்பட்ட ஆதாயம் எதுவும் இல்லை. பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட அவர்களின் உடல் ஒட்டை நிராகரிக்கும் வாய்ப்பும் அதிகம். முழுமையாகப் பொருந்தும் உடன்பிறப்பின் தொப்புள்கொடி இரத்தம் தலசீமியாவில் மிக நல்ல பலன் தந்திருக்கிறது. உறவல்லாத, பொருந்தாத யூனிட்டுகளில் ஒட்டு பிடிக்காமல் போனது மிக அதிகம். ஆகவே 6-க்கு 4 போதும் என்ற வாக்கியத்தை எல்லா நோய்களுக்கும் பொதுவாக்கிவிட முடியாது.

தன் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தையே சேமித்து வைத்திருந்தால் பொருத்தம் பற்றிய கவலை இல்லையே என்று சிலர் கேட்பதுண்டு. பொருத்தம் அங்கே முழுமையானதுதான். ஆனால் பரம்பரை நோய் என்றால் அதே பழுதுள்ள மரபணு அந்த அணுக்களிலும் இருக்கும், குழந்தைப் பருவ லுக்கேமியாவில் அதற்கு வித்திட்ட மரபணு மாற்றம் பிறப்பின்போதே இரத்தத்தில் இருந்திருக்கலாம். அவை நோயாளியின் சொந்த அணுக்களே என்பதால் புற்றணுக்களை அந்நியமாகக் கண்டு தாக்கவும் மாட்டா. அந்த இரத்தம் அதே குடும்பத்தில் நோயுற்ற இன்னொரு குழந்தைக்குப் பொருந்துமானால், அதன் மதிப்பு மிகப் பெரிது.

பொது வங்கிகளின் அருமை, பொருத்தம் கிடைக்காத மக்களிடையே அதிகம் வெளிப்படுகிறது. அமெரிக்கப் பதிவகத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரையின்படி, ஐரோப்பிய வம்சாவளியினருக்கு 8-க்கு 8 பொருந்தும் வயதுவந்த கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். கறுப்பின மக்களின் சில பிரிவினருக்கு அது 20 சதவீதத்துக்கும் கீழ். ஆனால் 6-க்கு 4-ஆவது பொருந்தும் தொப்புள்கொடி யூனிட், 20 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ எல்லோருக்கும், அதற்கு மேற்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கும் கிடைக்கக்கூடியதாக இருந்தது. பொருந்தாமையைப் பொறுத்துக்கொள்ளும் இந்தப் பண்பு இல்லாவிட்டால், அவர்களில் பலருக்கு எந்த வழியும் இருந்திருக்காது. லுக்கேமியாவோடு எச்.ஐ.வி. தொற்றும் இருந்த கலப்பு வம்சாவளிப் பெண் ஒருவருக்கு, அந்த வைரஸைத் தடுக்கும் அரிய மரபணு மாற்றம் கொண்ட தொப்புள்கொடி இரத்தத்தை நியூயார்க்கில் 2017-இல் செலுத்த முடிந்ததும் இந்தத் தளர்வால்தான். அந்த மரபணு மாற்றத்தோடு முழுப் பொருத்தத்தையும் சேர்த்துத் தேடியிருந்தால் யூனிட் கிடைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

யூனிட்டைத் தேர்ந்த பின், செலுத்துவதற்கு முன், அதன் எச்.எல்.ஏ. வகையை மீண்டும் உறுதிசெய்வது கட்டாயம். உறைந்த பையோடு ஒட்டியிருக்கும் சிறு குழாய்ப் பகுதியை வெட்டியெடுத்து அதில்தான் இந்தப் பரிசோதனையைச் செய்வார்கள்; பெயர்ச்சீட்டு மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். அதே துண்டிலிருந்து உருக்கிய அணுக்களின் உயிர்ப்பையும் அளந்து பார்ப்பார்கள். நோயாளியின் உடலில் தயாரிப்புச் சிகிச்சை தொடங்கி மஜ்ஜை அழிக்கப்பட்ட பிறகு இதில் எந்தப் பிழை தெரிந்தாலும் பயனில்லை என்பதால், இவை யாவும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரோ உடன்பிறப்போ கொடையாளராகி, மாற்றத்துக்குப் பின் சைக்ளோபாஸ்பமைடு மருந்து தந்து ஜி.வி.எச்.டி.-யைக் கட்டுப்படுத்தும் முறை பரவிய பின், தொப்புள்கொடி இரத்தத்தின் பயன்பாடு குறைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வில், நோய் முற்றாமல் இரண்டாண்டு வாழ்ந்தவர்கள் இரட்டைத் தொப்புள்கொடி யூனிட் குழுவில் 35 சதவீதம், பாதிப் பொருத்தக் குழுவில் 41 சதவீதம்; அந்த வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதியானதல்ல என்றாலும், மொத்த உயிர்வாழ்வு பாதிப் பொருத்தக் குழுவிலேயே மேலாக இருந்தது. குடும்பத்தில் பாதி பொருந்தும், உடல்நலமுள்ள கொடையாளர் இருக்கிறாரா என்ற கேள்வியையும் மருத்துவரிடம் எழுப்பியே ஆக வேண்டும்.

மறுபுறம், ஒரு யூனிட்டின் குருத்தணுக்களை ஆய்வகத்தில் பெருக்கித் தரும் முயற்சியும் பலன் தந்திருக்கிறது. நிகோடினமைடு கொண்டு பெருக்கப்பட்ட ஓமிடுபிசெல் என்ற தயாரிப்புக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. 125 பேரிடம் நடந்த ஆய்வில், நியூட்ரோஃபில் மீள்வதற்கான இடைநிலைக் காலம் 22 நாட்களிலிருந்து 12 நாட்களாகக் குறைந்தது. இதற்கும் 6-க்கு 4 என்ற குறைந்தபட்சப் பொருத்தம் தேவைப்படுகிறது. ஆனால் அணு எண்ணிக்கையின் நெருக்கடி தளரும் அளவுக்கு, கூடுதலாகப் பொருந்தும் யூனிட்டை நோக்கித் தேர்வைத் திருப்ப வாய்ப்பு ஏற்படுகிறது. அணுக்களை வளர்த்தெடுக்க மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், நோய் வேகமாக முன்னேறிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு இயலுமா என்பதையும் சேர்த்தே மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டியிருக்கும்.